அம்மா பார்த்த பட்டை

எங்கள் வயதுக்காரிகள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் வயிற்றில் வந்துதான் நிற்கிறது. எண்பதைத் தாண்டியவர்களுக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறென்ன இருக்கப் போகிறது? ஒருத்தி ஓமத் தண்ணீர் என்பாள். இன்னொருத்தி மாத்திரைகளின் பெயரை நிறத்தை வைத்துச் சொல்லுவாள். என் முறை வரும்போது நான் குடசப்பாலைப் பட்டை என்பேன். உடனே சிரிப்பார்கள். மருந்துக் கடை ராவுத்தர் மகள் வேறு என்ன சொல்லுவாள் என்பார்கள்.

சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் பட்டையைப் பற்றி நான் பெருமையாகப் பேசுவது அத்தாவின் கடைக்காக இல்லை. எங்கள் அம்மாவுக்காக. ஒன்பது வயதில் நான் அவருக்குச் செய்த ஒரு காரியமும் அதில் இருக்கிறது. அதை இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். இனித் தள்ள நாள் இல்லை.

கறம்பக்குடி கடைவீதியில் எங்கள் வீட்டின் முன்பாதி நாட்டு மருந்துக் கடை, பின்பாதி வீடு. இரண்டுக்கும் நடுவில் தடித்த பச்சைத் துணித் திரை தொங்கும். வீட்டுப் பெண்கள் அந்தத் திரையைத் தாண்டுவதில்லை. அவர்கள் குரலும் தாண்டக் கூடாது. அத்தாவைக் கூப்பிட வேண்டுமென்றால் அம்மா ஒரு வெண்கலக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் உள்ளே வாருங்கள், இரண்டு தட்டு என்றால் சாப்பாடு தயார். அந்தக் கிண்ணத்தின் ஓசையை வைத்தே அம்மா என்ன மனநிலையில் இருக்கிறார் என்று நாங்கள் சொல்லிவிடுவோம். பிறகு வீடு மாறியபோது கிண்ணம் எங்கோ போய்விட்டது.

கடையில் சுக்கும் மிளகும் கடுக்காயும் எல்லாரும் விற்பதுதான். எங்கள் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது குடசப்பாலைப் பட்டை. சீதபேதிக்கும் ரத்தபேதிக்கும் அதை மிஞ்சிய மருந்து அன்றைக்கு எங்கள் பக்கத்தில் கிடையாது. மலைச் சரக்கு. மூட்டையாக ரயிலில் புதுக்கோட்டை வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் எங்களிடம் வரும். கை நீளத் துண்டுகள், வெளியே சாம்பலும் பழுப்புமாகச் சொரசொரவென்று இருக்கும். இதில் ஒரு தொல்லை உண்டு. வெப்பாலை என்று இன்னொரு மரம் இருக்கிறது, எங்கள் குறுங்காடுகளிலேயே வளரும். அதன் பட்டையும் காய்ந்தால் கிட்டத்தட்ட இதே போலத்தான். அதைக் காய்ச்சிக் குடித்தால் கழிச்சல் நிற்காது. மூட்டையில் அது தெரியாமலும் கலக்கும், தெரிந்தும் கலக்கும்.

கண்ணை நம்பினால் ஏமாறலாம், மூக்கும் ஏமாறும். நாக்கு ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். அதுவும் நுனி நாக்கில் தொட்டுத் துப்பினால் போதாது. கடைவாயில் போட்டு மென்று சாற்றை விழுங்க வேண்டும். நல்ல பட்டையின் கசப்பு தொண்டைக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் குடித்தாலும் எழுந்திருக்காது. பொய்ப் பட்டை மரத்தூளைத் தின்றது போல வெறுமனே போய்விடும்.

அத்தா ஒவ்வொரு மூட்டையிலும் வாய்ப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று துண்டு எடுத்து மெல்லுவார். அப்போது கண்ணை மூடிக்கொள்வார். கடையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கண்ணைத் திறந்து தலையை ஆட்டினால் மூட்டை உள்ளே போகும். உதட்டைப் பிதுக்கினால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். கொடும்பாளூர் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். ‘ராவுத்தர் வாயில வச்ச பட்டைதானே?’ என்று ஒரு கேள்வி. ‘ஆமா’ என்று ஒரு பதில். அவ்வளவுதான் வியாபாரம்.

வீட்டுக்குள்ளே அம்மாவும் அதே பட்டையோடுதான் மாரடித்தார். இரும்பு உரலில் இடித்து, எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காகச் சுண்டவைத்து, வடிகட்டி, ஆறியதும் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மோரில் கலந்து எங்களுக்குக் கொடுப்பார். பதினோரு வருஷம் அப்படி நக்கிப் பார்த்திருக்கிறார். அதை வீட்டில் யாரும் ஒரு வேலையாக எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

யுத்தம் தொடங்கிய வருஷம் நோன்பு மாதம் ஐப்பசி மழையில் வந்தது. விடாத மழை. ஈர விறகின் புகை வீட்டைவிட்டு வெளியேறாமல் கண்ணைக் கரித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் பள்ளிவாசல் கஞ்சியின் வெந்தய வாசம் மழையோடு சேர்ந்து தெரு முழுக்க வரும். எனக்கு அதுதான் முதல் நோன்பு. புதுப் பாவாடை கட்டி, தலையில் பூ வைத்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள். ‘ஒம்பது வயசுல நோன்பு புடிக்குது பாரு’ என்று எதிர்வீட்டு மாமி கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அந்தப் புகழ்ச்சி எனக்குத் தலைக்கேறிவிட்டது.

தலைக்கேறியதும் நான் செய்த முதல் வேலை, வீட்டில் யார் யார் ஒழுங்காக நோன்பு பிடிக்கிறார்கள் என்று வேவு பார்ப்பது. அண்ணன் கிணற்றடியில் முகம் கழுவும்போது தொண்டை அசைந்ததைப் பார்த்துச் சொல்லி, அவனுக்கு அத்தாவிடம் அறை வாங்கிக் கொடுத்தேன். வருகிறவர் போகிறவரையெல்லாம் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தேன். எதிர்வீட்டு மாமி அதற்கும் சிரித்துப் பாராட்டினார். இப்போது அப்படியொரு பிள்ளை என் வீட்டில் இருந்தால் காதைத் திருகிவிடுவேன்.

புதுத் தண்ணீர் குளத்துக்கும் ஊருணிக்கும் வந்ததும் சீதபேதியும் வந்தது. முதலில் ஊருக்குள், பிறகு சுற்றுக் கிராமங்களில். மழையில் நனைந்துகொண்டு ஆட்கள் கடை வாசலில் நின்றார்கள். நோன்பு தொடங்குமுன் அத்தா பார்த்து வைத்திருந்த பட்டை முழுதும் பத்தே நாளில் தீர்ந்துவிட்டது. புதுச் சரக்குக்குக் கார்டு எழுதிப் போட்டுவிட்டு வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு உச்சிப் பொழுது தாண்டி ஒரு குடியானவர் வந்தார். கீரமங்கலம் போகிற பக்கம், காட்டாற்றுக்கு அந்தக் கரையில் ஊர். இடுப்பு வரை நனைந்திருந்தார். திரை ஓரத்தில் ஒரு கண்ணை வைத்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“புள்ளைக்கு ரத்தமும் சீதமுமா போகுதுங்க. ரெண்டு நாளா கண்ணே தொறக்கல. மூணு வயசுங்க” என்றார்.

“சரக்கு இல்லையே. வண்டி வரணும்” என்றார் அத்தா.

அவர் போகவில்லை. பெஞ்சியில் மழைக்கு ஒதுங்கியிருந்த, தொழுகைக்கு அழைக்கும் பள்ளிவாசல் மோதினார் அவரை உட்காரச் சொன்னார். சற்று நேரத்தில் வண்டியும் வந்தது. மூன்று மூட்டைகள், மூன்றும் தெப்பமாக நனைந்திருந்தன. வழக்கமாகச் சரக்கு சேர்க்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். அவருடைய மருமகன் சேர்த்து அனுப்பியிருக்கிறான். அவன் தொழிலுக்குப் புதுசு என்று வண்டிக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அத்தா மூட்டைகளைப் பிரித்தார். ஈரத்தில் ஊறிய பட்டை எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தது. புரட்டினார், முகர்ந்தார், ஒடித்தார். பிறகு மூன்று பித்தளைத் தட்டில் மூட்டைக்கு மூன்று துண்டாக வைத்து என்னைக் கூப்பிட்டார். “அடுப்புச் சூட்டுல காயவைக்கச் சொல்லு. வரிசை மாறாம வைக்கணும்” என்றார். நான் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மறுபடி திரைக்கு ஓடிவந்தேன்.

“காஞ்சா மட்டும் தெரிஞ்சிருமா?” என்று மோதினார் கேட்டார்.

“வாயில வச்சாத்தான் தெரியும். நோன்பு தொறந்ததும் பாத்துர்றேன்” என்றார் அத்தா. குடியானவரைப் பார்த்து, “மஃரிபு வரைக்கும் இருங்க” என்றார்.

“ஆத்துல தண்ணி இடுப்புக்கு வந்துருச்சுங்க. அஸ்தமிச்சா அங்கிட்டுப் போக முடியாது. விடியிற வரைக்கும் புள்ள தாங்காதுங்க. இருக்கறதக் குடுங்க, நான் கொண்டு போறேன்.”

“பாக்காத பட்டைய நான் குடுக்கமாட்டேன். பொய்ச் சரக்கா இருந்தா, மருந்து குடுத்தாச்சுன்னு நம்பிக்கிட்டு உக்காந்துருப்பீங்க. புள்ள போயிரும்.”

அத்தா சொன்னது நியாயம்தான். ஆனால் அவர் நினைத்திருந்தால் அந்த ஒரு நோன்பை விட்டுவிட்டுப் பிறகு வேறொரு நாளில் களாவாகப் பிடித்திருக்கலாம். ஓர் உயிருக்காக என்றால் மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டு என்று பின்னாளில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முப்பது வருஷமாக ஒரு நோன்பும் தவறவிடாதவர் என்று அத்தாவுக்கு ஊரில் ஒரு பெயர். அந்தப் பெயர் அவரைக் கட்டிப் போட்டுவிட்டது என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது. கல்நெஞ்சக்காரர் இல்லை. குடியானவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் மூட்டையையே மறுபடி மறுபடி புரட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே கிண்ணம் ஒரு தட்டு ஒலித்தது. அத்தா திரும்பவில்லை. இன்னொரு முறை ஒலித்தது. அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. குடியானவர் கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்தார்.

கிண்ணத்தை ஏன் தட்டுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்றார். ஒரு கையில் கரண்டி. இன்னொரு கையில் பாதி கடித்த பட்டைத் துண்டு. தாடை அசைந்துகொண்டிருந்தது. நான் பார்க்கும்போதே தொண்டை ஏறி இறங்கியது.

எனக்கு உச்சந்தலை வரை ஆத்திரம் வந்தது. விடியுமுன் எங்களோடு எழுந்து சஹர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், அந்த நேரம் வரை ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்க்காதவர், இப்போது பட்டப்பகலில் மென்று விழுங்குகிறார். நான் திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள் பாய்ந்தேன்.

“அத்தா, அம்மா பட்டையத் திங்கிறாங்க. நோன்ப முறிச்சுட்டாங்க.”

மோதினாரும் வண்டிக்காரரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அத்தாவின் முகம் சிவந்து பிறகு வெளுத்தது. நான் பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அந்தக் கடை ஒருநாளும் கேட்டிராத குரல். முதல் வார்த்தை கம்மிப்போய் வந்தது, பிறகு தெளிந்துவிட்டது.

“இன்னைக்கு எனக்கு நோன்பு கடமையில்ல. மூணு மூட்டையும் மென்னு பாத்துட்டேன். மொத ரெண்டும் நல்ல சரக்கு. மூணாவது பொய். அந்த அண்ணனுக்கு மொத மூட்டையில எடுத்துக் குடுங்க. ஆத்துல தண்ணி ஏறுதுல்ல.”

இன்றைக்கு நோன்பு கடமையில்லை என்று ஒரு பெண் சொன்னால் அது மாதத்தில் எந்த நாள் என்று எங்கள் ஜனத்தில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீடுகளில் அந்த நாட்களைப் பெண்கள் பெற்ற பிள்ளைகளுக்குக்கூடக் காட்டமாட்டார்கள். எல்லாரோடும் சஹருக்கு உட்காருவார்கள், எல்லாரோடும் நோன்பு திறக்க உட்காருவார்கள், நடுவில் பசித்தால் யாரும் பார்க்காமல் ஒரு வாய் தின்பார்கள். அதைத்தான் அம்மா நாலு ஆண்கள் காதில் விழும்படி தன் வாயால் சொன்னார். குரலை வெளியே விட்டாகிவிட்டது என்பதால் பாதியில் நிறுத்தவும் இல்லை.

“அண்ணே, நல்லா நசுக்கிக்கிடுங்க. எட்டுப் பங்கு தண்ணி ஒரு பங்கா சுண்டணும். மோருல கலந்து சங்கு சங்கா குடுங்க. கசக்குதுன்னு துப்புனாலும் விடாதீங்க. இனிப்பு எதுவும் குடுத்துராதீங்க.”

“சரிங்க தாயி” என்றார் குடியானவர். அவருக்கு எங்கள் நோன்புச் சட்டமெல்லாம் தெரியாது. மருந்து கிடைத்துவிட்டது, அது மட்டும் தெரிந்தது.

அத்தா ஒரு கணம் தயங்கினார். பிறகு முதல் மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி, காய்ந்த ஓலையில் பொதிந்து கொடுத்தார். குடியானவர் அதை மடியில் கட்டிக்கொண்டு மழையில் ஓடினார்.

சாயங்காலம் பாங்கு சொன்னதும் அத்தா பேரீச்சம்பழம் ஒன்றைத் தின்று தண்ணீர் குடித்தார். கஞ்சிக் கிண்ணத்தைத் தொடவில்லை. மூன்று தட்டையும் கொண்டுவரச் சொன்னார். முதல் தட்டு, கண்ணை மூடினார். இரண்டாவது தட்டு, கண்ணை மூடினார். மூன்றாவதைக் கண்ணை மூடும் முன்பே துப்பிவிட்டார். என்னை யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. யாரும் பாராட்டவும் இல்லை என்பதுதான் அன்றைக்கு எனக்குக் குறையாக இருந்தது.

மறுநாளே எதிர்வீட்டு மாமி வந்து, ‘ஆம்பளைங்க காதுல விழவா அதச் சொல்லுவாங்க?’ என்று அம்மாவைப் பார்த்து மோவாயில் கை வைத்தார். அம்மா இடித்துக்கொண்டிருந்த உலக்கையை நிறுத்தாமல், “சொல்லித்தானே ஆகணும்” என்றார். அத்தாவுக்குத்தான் தாங்கவில்லை. அந்த வாரமே தச்சரைக் கூப்பிட்டுத் திரையை எடுத்துவிட்டுப் பலகைக் கதவு போட்டார். தாழ்ப்பாள் கடைப்பக்கம். குரல் இந்தப் பக்கம் வராது, வீட்டு மானம் இனி பத்திரம் என்று நினைத்தார். கடையிலேயே திறமான நாக்கைத்தான் இரண்டு விரற்கடைப் பலகைக்குப் பின்னால் பூட்டிவைத்தார் என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை.

பெருநாள் கழிந்து மழையும் விட்ட பிறகு அந்தக் குடியானவர் வந்தார். தோளில் ஒரு பிள்ளை, கன்னம் ஒட்டிப்போய்க் கண் மட்டும் பெரிதாக. ஆனால் எங்கள் கடைத் தராசைப் பிடித்து ஆட்டத் தெம்பு இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கழிச்சல் என்று பட்டை கேட்டார்.

“அந்தத் தாயி பாத்த பட்டைதானேங்க?”

“நான் பாத்தது” என்றார் அத்தா.

“நீங்க பாத்ததும் சரிதாங்க. உள்ள ஒருதரம் காட்டிருங்களேன்.”

அவர் மட்டும் என்றால் அத்தா சமாளித்திருப்பார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள். ‘அம்மா பாத்தாச்சா?’ என்று கேட்டுவிட்டுத்தான் துண்டை விரித்தார்கள். கொஞ்ச நாள் அத்தா முறைத்தார். கொஞ்ச நாள் பொய்யாகத் தலையாட்டினார். அவருக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். தை பிறந்ததும் அதே தச்சர் மறுபடி வந்தார். அத்தா தன் கையாலேயே அளந்து காட்ட, கதவில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை போட்டு, சிறிய மூடியும் வைத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வந்த ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு தட்டு அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்த் திரும்பிவந்தது. எனக்குத் தெரிந்து இரண்டு முறை இருவர் நாக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டு முறையும் அம்மா சொன்னபடிதான் மூட்டை திரும்பிப் போனது. அத்தாவை நான் மதிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

இதற்கெல்லாம் நடுவில் நான் செய்தது என்ன என்பது எனக்கு விளங்க நாலு வருஷம் ஆனது. நான் பெரியவளாகி வந்த முதல் நோன்பு மாதத்தில் ஒருநாள், நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்த நேரம், அம்மா என் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். ஒரு தட்டில் சோறும் முந்தைய இரவுக் குழம்பும் வைத்தார்.

“இன்னைக்கு ஒனக்கு நோன்பு இல்லம்மா. சாப்பிடு. ஒங்க அண்ணன் வந்தா நான் பாத்துக்கிறேன்.”

இரண்டாவது கவளம் வாயில் இருக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஐப்பசி நாளும், கடையில் குனிந்த தலைகளும், இடுப்பில் கை வைத்து நின்ற நானும், எல்லாம் சேர்ந்து வந்தன. தட்டைத் தள்ளிவைத்தேன். வெட்கத்தில் அழுதேன். அம்மாவுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ஏம்மா அன்னைக்கு என்னைய அடிக்கல?”

“எதுக்கு அடிக்கணும்? கிண்ணத்தத் தட்டிப் பாத்தேன், ஒங்க அத்தா திரும்பல. ஒன்னைய அனுப்பலாம்னா, நீதான் எல்லாரு வாயையும் மோந்து பாத்துக்கிட்டு நின்னியே.” லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “அந்த ஆளு சாக்கத் தலையில போட்டுட்டாரு. எனக்கு வாய் வரலம்மா. பேசுனா என்ன ஆகுமோன்னு பயந்துக்கிட்டு நின்னேன். போனாப் போவுதுன்னு உள்ள திரும்பிட்டேன். அப்பத்தான் நீ கத்துன. நீ கத்தலன்னா நான் பேசியிருக்கமாட்டேன். அந்தப் புள்ள செத்துருக்கும். இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு ஒடம்பு ஆடுது.”

அதுவரை என் அம்மாவை எதற்கும் அஞ்சாதவர் என்று நினைத்திருந்தேன். திரும்பிவிட்டவர், திரும்பிய காலை மறுபடி திருப்பிக்கொண்டு வந்து பேசியிருக்கிறார். அன்று முதல் இன்றுவரை என் மனதில் அவருக்கு மேலே யாரையும் நான் வைத்ததில்லை.

“சோறு ஆறுது, தின்னு” என்றார். அவர் அன்றைக்கு நோன்பு. உதடு உலர்ந்து வெடித்திருந்தது. குழம்பு வாசம் முகத்தில் அடிக்க, சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து என் எதிரே உட்கார்ந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.